ஆரம்பகால அமெரிக்கக் குடியேறி ஒருவரின் குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடப் புறப்படுகிறவர்களில் பலர் கப்பலிலிருந்து தொடங்குகிறார்கள். 1620இல் மேஃபிளவர் கப்பலில் இன்றைய மாசசூசெட்ஸில் உள்ள பிளிமத்துக்கு வந்த 102 பயணிகளின் பெயர்கள் எளிதில் கிடைப்பதால், அவற்றில் தம் குடும்பப் பெயரைக் கண்டதும் அந்தப் பயணியிடமிருந்து ஒரு கோட்டைக் கீழ்நோக்கி இழுத்துத் தம் வீட்டு வாசலில் கொண்டுவந்து முடிக்கப் பார்க்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. 17ஆம் நூற்றாண்டுக் குடியேறிகளைப் பற்றித் தேர்ந்த ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வைத்திருக்கிறார்கள்; நம் பாட்டன் பாட்டியைப் பற்றி அரசுப் பதிவுகள் இருக்கின்றன. சங்கிலி அறுந்து கிடப்பது இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 1780 முதல் 1850 வரையிலான எழுபது ஆண்டுகளில்தான். ஆகவே கையில் இருக்கும் நேரத்தில் பெரும்பங்கை அந்த எழுபது ஆண்டுகளுக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த வழிகாட்டியில் ஜான் ஹவுலண்ட் என்பவரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மேஃபிளவரில், பிளிமத்தின் ஆளுநரான ஜான் கார்வரின் பணியாளாக வந்த அவர், வழியில் புயலின்போது கடலில் தூக்கி எறியப்பட்டு, தொங்கிக்கொண்டிருந்த பாய்மரக் கயிற்றைப் பற்றிப் பிழைத்தவர். ஃபிராங்க்ளின் ரூசவெல்ட்டும் இரண்டு புஷ் அதிபர்களும் அவருடைய வழித்தோன்றல்கள். புகழ்பெற்ற குடியேறி என்பதற்காக அவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வம்சாவளித் தேடலில் நேரக்கூடிய ஏமாற்றங்களில் பெரும்பாலானவை அவர் குடும்ப வரலாற்றில் உண்மையாகவே நேர்ந்து, பிறகு ஆவணங்களால் சரிசெய்யப்பட்டிருக்கின்றன.

முதல் படி: உயிரோடு இருப்பவரிடமிருந்து பின்னோக்கி

தேடல் யாருக்காகவோ அவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் தேவைப்படுவது ஒரே ஒரு கேள்விக்கான விடை: இந்த மனிதர் அந்தப் பெற்றோரின் பிள்ளை என்பதை எந்த ஆவணம் சொல்கிறது? பிறந்த தேதி, இறந்த தேதி, வாழ்ந்த ஊர் எல்லாம் அந்த விடைக்குத் துணை நிற்பவை மட்டுமே. பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும். திருமணப் பதிவில் மணமக்களின் பெற்றோர் பெயர் இருக்கக்கூடும். இறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் பெயர் இருக்கும், ஆனால் அதைச் சொன்னவர் இறந்தவரின் மருமகனாகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கலாம் என்பதால் அதற்கு மதிப்புக் குறைவு.

வீட்டில் உள்ள முதியவர்களிடம் பேசும்போது பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் கேட்காமல், எந்த தேவாலயத்துக்குப் போனார்கள், யாரை எங்கே அடக்கம் செய்தார்கள், பூர்வீக வீடும் நிலமும் யாருக்குப் போயின என்று கேட்பது நல்லது. பெயரையும் தேதியையும் மறந்தவர்களும் சொத்துத் தகராற்றை மறப்பதில்லை. பெண்களைத் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தகவலை எழுதினாலும் அது கிடைத்த இடத்தை அதே வரியில் எழுதிவிட வேண்டும். பத்துத் தலைமுறை கடந்தபின் அதை நினைவிலிருந்து மீட்க எவராலும் முடியாது.

இரண்டாம் படி: 1950இலிருந்து 1850 வரை

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து பத்துப் பத்து ஆண்டாகப் பின்னே செல்லலாம். 1900ஆம் ஆண்டுப் பதிவு மிகவும் பயனுள்ளது. பிறந்த மாதமும் ஆண்டும், ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் உயிரோடு இருப்பவர் எத்தனை பேர் என்பதும் அதில் உண்டு. 1890ஆம் ஆண்டுப் பதிவின் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தால் இல்லாமல் போனதால், அங்கே இருபது ஆண்டு இடைவெளியை நகர முகவரிப் புத்தகங்கள், வரிப் பட்டியல்கள், தேவாலயப் பதிவுகள் ஆகியவற்றால் நிரப்ப வேண்டும்.

1880இல்தான் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பது எழுதப்படத் தொடங்கியது. 1850, 1860, 1870 பதிவுகளில் பெயர், வயது, பிறந்த மாநிலம் போன்றவை உண்டு, உறவு இல்லை. அந்த வீட்டில் இருக்கும் எட்டு வயதுச் சிறுவன் மகனாக இருக்கலாம், இறந்துபோன தம்பியின் மகனாகவும் இருக்கலாம், இரண்டாம் மனைவி தன் முதல் திருமணத்திலிருந்து அழைத்துவந்த பிள்ளையாகவும் இருக்கலாம். ஒரே கூரையின் கீழ் ஒரே குடும்பப் பெயரோடு இருந்தான் என்பது மட்டும் பெற்றோரைக் காட்டும் சான்றாகாது.

மூன்றாம் படி: நடுவில் உள்ள எழுபது ஆண்டுகள்

1790 முதல் 1840 வரை எடுக்கப்பட்ட ஆறு கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது; மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். பிறப்பு இறப்புகளை மாநில அளவில் பதியும் முறை மாசசூசெட்ஸில் 1841இல் வந்துவிட்டது, ஆனால் பென்சில்வேனியாவில் 1906 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதே காலத்தில்தான், சுதந்திரப் போருக்குப் பிறகு, மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் இளைய தலைமுறை வெர்மான்ட், நியூயார்க், ஒஹையோ என்று புது நிலம் தேடி மேற்கே போய்க்கொண்டே இருந்தது. பிறந்த ஊர்ப் பதிவேட்டில் ஒரு பையனின் பிறப்பு மட்டும் இருக்கும். நானூறு மைல் தள்ளி ஒரு கல்லறையில் அதே பெயரோடு ஒரு முதியவர் இருப்பார். இருவரும் ஒருவரே என்று காட்டுவதுதான் இந்தத் துறையின் கடினமான வேலை.

இதற்கு உதவுவன முதலில் நிலப் பத்திரங்கள். பெயர்ந்து போனவர் பழைய ஊரில் தந்தைவழி வந்த பங்கை விற்கும்போது, கிரயப் பத்திரத்தில் தாம் இப்போது வசிக்கும் ஊரையும், சில வேளைகளில் தந்தையின் பெயரையும் குறிப்பிடுவார். தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், வாரிசுகள் எல்லோரும் மருமகன்கள் உட்படக் கையெழுத்திட்டு ஒரே பத்திரத்தில் பங்குகளை விற்றிருப்பார்கள். அப்படி ஒரு பத்திரம் கிடைத்தால் ஒரு குடும்பமே ஒரு தாளில் வந்து நிற்கும். மனைவி, கணவரின் நிலத்தில் தனக்குரிய விதவைப் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திடுவதால் அவளுடைய பெயரும், அந்த ஆண்டில் அவள் உயிரோடு இருந்தாள் என்ற செய்தியும் கிடைக்கும். தேடும்போது விற்றவர் பட்டியல், வாங்கியவர் பட்டியல் இரண்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது உயில் நீதிமன்றக் கோப்புகள். உயில் மட்டுமே கோப்பு ஆகாது. சொத்துப் பட்டியல், கடன் கணக்கு, பங்கீட்டு ஆணை, சிறுவர்களுக்குக் காப்பாளர் நியமனம் என்று பல தாள்கள் இருக்கும், அவற்றில் உயிலில் இல்லாத பிள்ளைகளும் வருவார்கள். உயிலில் ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்டிருந்தால் அவர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. தன் பங்கை முன்பே நிலமாக வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நியூ இங்கிலாந்துக் குடியேற்றக் காலத்தில் உயிலின்றி இறந்தவரின் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு உண்டு என்பதால், பங்கீட்டைப் பார்த்தே மூத்தவர் யார் என்று அறியலாம்.

மூன்றாவது, சுதந்திரப் போர் வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகள். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இந்தக் கோப்புகளில் வீரர் தாம் எங்கே பிறந்தார், போருக்குப் பின் எந்தெந்த ஊர்களில் வாழ்ந்தார் என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்திருப்பார். 1836 முதல் விதவைகளும் பரவலாக விண்ணப்பிக்கத் தொடங்கியபோது திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், குடும்ப விவிலியத்தில் பிறப்பு இறப்புகள் எழுதியிருந்த பக்கத்தையே கிழித்து இணைத்துவிட்டவர்கள் உண்டு. பாட்டி கிழித்துக் கொடுத்த அந்தத் தாள், வீட்டில் இருந்திருந்தால் இத்தனை காலம் பிழைத்திருக்குமா என்பது ஐயம்தான்.

இவை எவையும் கிடைக்காதபோது அண்டை அயலாரைத் தேட வேண்டும். மக்கள் தனித்தனியாகப் பெயரவில்லை. மைத்துனர், பங்காளி, ஒரே தேவாலயத்தார் என்று கூட்டமாகவே போனார்கள். ஒஹையோவில் ஒருவருடைய பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்திட்ட மூவர் மாசசூசெட்ஸின் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் என்றால், நாம் தேடுபவரின் பிறப்பையும் முதலில் அந்த ஊரில்தான் தேட வேண்டும்.

இடம் குறித்து ஓர் எச்சரிக்கை. மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுகளான கவுண்டிகளின் எல்லைகள் மாறிக்கொண்டே இருந்தன. மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி. கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி. ஒரே பண்ணையில் வாழ்நாள் முழுவதும் இருந்த ஒருவரின் பதிவுகள் மூன்று கவுண்டி அலுவலகங்களில் கிடக்கக்கூடும். சிகாகோவின் நியூபெரி நூலகம் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கும் கவுண்டி எல்லை வரைபடத் தொகுப்பில் எந்தத் தேதியில் எந்த எல்லை இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். தென் மாநிலங்களில் நீதிமன்றங்கள் எரிந்துபோன கவுண்டிகளும் உண்டு. வர்ஜீனியாவின் பக்கிங்காம் கவுண்டி நீதிமன்றம் 1869இல் தீக்கிரையானது. அத்தகைய இடங்களில் மாநில அளவிலான நில வழங்கல் பதிவுகளும் அண்டைக் கவுண்டிகளின் பத்திரங்களுமே கைகொடுக்கும்.

நான்காம் படி: குடியேறிய மண்ணின் ஆவணங்கள்

நியூ இங்கிலாந்தில் எல்லாம் ஊர் அளவில் நடந்தது. ஊர் எழுத்தர் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதினார். மாசசூசெட்ஸின் பெரும்பாலான ஊர்களின் 1850 வரையிலான பதிவுகள் அச்சிடப்பட்டு, இப்போது இணையத்திலும் உள்ளன. வர்ஜீனியாவில் கவுண்டியும், ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரமான ஆங்கிலிகன் ‘பங்கு’மே ஆவணக் களம். அங்கே ஒருவரைத் தம் செலவில் அழைத்துவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டதால், நில வழங்கல் பதிவுகளில் அழைத்துவரப்பட்டவர்களின் பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஜார்ஜ் மெனிஃபி என்பவர் 1635இல் கோரிய நிலத்துக்கான பட்டியலில் ‘கிழக்கிந்தியர் டோனி’ என்று ஒருவர் இருக்கிறார். ஆனால் பட்டியலின் ஆண்டை வந்துசேர்ந்த ஆண்டாகக் கொள்ள முடியாது. நிலத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் கோரினார்கள், ஒரே ஆளைக் காட்டி இருவர் கோரியதும் உண்டு. நியூயார்க் பகுதியின் டச்சுக் குடும்பங்களில் தந்தை பெயரே பிள்ளைக்கு இரண்டாம் பெயரானதால் குடும்பப் பெயரைத் தேடிப் பயனில்லை; அதற்கு ஈடாக டச்சுச் சீர்திருத்தத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் சொந்தக் குடும்பப் பெயரும் ஞானப் பெற்றோரின் பெயரும் இருக்கும். அந்த ஞானப் பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்களே. பென்சில்வேனியாவுக்கு வந்த ஜெர்மானிய ஆண்கள் 1727 முதல் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்ததால் அவர்களுக்குக் கப்பல்வாரியான பட்டியல் உண்டு.

மற்றவர்களுக்குக் கப்பல் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். கூட்டாட்சி அரசு பயணிகள் பட்டியலை முறையாகத் திரட்டத் தொடங்கியது 1820இல்தான். லண்டன் துறைமுகத்தின் 1635ஆம் ஆண்டுப் பதிவு போன்ற சில தப்பிப் பிழைத்தவை தவிர, 17ஆம் நூற்றாண்டுக் குடியேறிகளில் பெரும்பாலோர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பதற்குப் பதிவே இல்லை.

ஐந்தாம் படி: குடியேறியவரை அடையாளம் காணுதல்

இங்கே முதலில் செய்ய வேண்டியது ஏற்கெனவே நடந்த ஆய்வைப் படிப்பது. 1845இல் பாஸ்டனில் நிறுவப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் 1988இல் ‘பெரும் குடிப்பெயர்வு ஆய்வுத் திட்ட’த்தைத் தொடங்கியது. 1620க்கும் 1640க்கும் இடையில் நியூ இங்கிலாந்துக்கு வந்த ஏறத்தாழ 20,000 பேரைப் பற்றிய மூல ஆவணங்களை ஒவ்வொரு குடும்பமாக மறுபடி சோதிக்கும் முயற்சி அது. மேஃபிளவர் பயணிகளுக்கென 1897இல் தோன்றிய வழித்தோன்றல்கள் சங்கம், பயணிகளிடமிருந்து ஐந்து தலைமுறைகள் வரை ஆவணங்களோடு வெளியிட்டிருக்கிறது. தேடுபவர் அந்த ஐந்தாம் தலைமுறை ஆளை வந்து தொட்டுவிட்டால் மீதிப் பாதை போடப்பட்டதே.

ஹவுலண்ட் குடும்பத்தில் நடந்ததைப் பார்ப்போம். அவர் மனைவி எலிசபெத், ஆளுநர் கார்வரின் மகள் என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். குடும்பத்தினர் சொன்னார்கள், அச்சில் வந்தது, 19ஆம் நூற்றாண்டில் பிளிமத்தில் நட்ட கல்லறைக் கல்லிலும் அப்படியே பொறிக்கப்பட்டது. பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டின் காணாமற்போன கையெழுத்துப் பிரதி 1855இல் லண்டன் ஆயரின் நூலகத்தில் இருப்பது தெரியவந்தபோது இந்தக் கதை சரிந்தது. ஒவ்வொரு பயணியின் குடும்பமும் என்ன ஆயிற்று என்று பிராட்ஃபோர்ட் அதன் இறுதியில் எழுதிவைத்த பட்டியலில், ஹவுலண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை என்றும், அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள், பத்துப் பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் தெளிவாக இருந்தது. முதல் குளிர்காலத்திலேயே பெற்றோரை இழந்த எலிசபெத் கார்வர் வீட்டில் வளர்ந்திருக்கக்கூடும். கதை அங்கிருந்து முளைத்திருக்கலாம். கல்லில் பொறித்த செய்தி, பொறித்தவருக்குக் கிடைத்த செய்தியை விட உயர்ந்ததாகாது. இறந்தவரின் வயதும் அப்படித்தான்: ஹவுலண்ட் எண்பதைக் கடந்தவர் என்று அக்காலப் பதிவே சொல்கிறது, ஆனால் கப்பலில் அவர் பணியாளாக வந்த இளைஞர் என்பதை வைத்து ஆய்வாளர்கள் அவருக்கு அதைவிடக் குறைந்த வயதையே கணக்கிடுகிறார்கள்.

இன்னொரு பொறி குடும்பப் பெயர். ‘மூன்று சகோதரர்கள் வந்தார்கள்’ என்ற கதையை அமெரிக்கக் குடும்பங்கள் பலவும் சொல்லும், அவற்றில் பல வெறுங்கதை. ஹவுலண்ட் விஷயத்தில் மட்டும் அது உண்மை: ஆர்தர், ஹென்றி என்ற இரு சகோதரர்கள் பின்னாளில் பிளிமத்துக்கு வந்து பெருங்குடும்பங்களாகப் பெருகினார்கள். ஆகவே ஹவுலண்ட் என்ற பெயரோடு இருப்பவர் மேஃபிளவர் பயணியின் வழியில் வந்திருக்க வேண்டியதில்லை. மறுபக்கம், ஜானின் வழித்தோன்றல்களில் பெரும்பான்மையோர் கோரம், சிப்மன், கஷ்மன் போன்ற மகள்வழிப் பெயர்களில் இருக்கிறார்கள். மகள்களைப் பின்தொடராதவர் தம் மூதாதையரில் பாதியைத் தொலைத்துவிடுவார்.

பிள்ளைகளுக்கான சான்று எப்படிச் சேர்கிறது என்பதையும் இதே குடும்பத்தில் காணலாம். 1627இல் பிளிமத்தில் பொதுக் கால்நடைகளைப் பங்கிட்டபோது ஒவ்வொரு குழுவிலும் இருந்த ஆண், பெண், குழந்தை அனைவரின் பெயரும் எழுதப்பட்டது. அதில் ஹவுலண்ட், எலிசபெத், பிள்ளைகள் ஜான், டிசையர் ஆகிய நால்வரும் இருக்கிறார்கள். மாடு பிரித்த கணக்கு அந்தக் குடியேற்றத்தின் முதல் மக்கள்தொகைக் கணக்காகிவிட்டது. 1672இல் எழுதிய உயிலில் ஹவுலண்ட் நான்கு மகன்களையும் ஆறு மகள்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார், மகள்களை அவர்களின் கணவர்வழிப் பெயரோடு. பிராட்ஃபோர்டின் ‘பத்து’ என்ற எண்ணும் உயிலின் பத்துப் பெயர்களும் ஒன்றையொன்று பாராமல் எழுதப்பட்டவை. அவை ஒத்துப்போவதே உறுதியான சான்று.

ஆறாம் படி: தேதியும் உறவுச் சொல்லும்

1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஹவுலண்ட் இறந்த நாள் 1672/3 பிப்ரவரி 23 என்று இரட்டை ஆண்டாக எழுதப்படுவது இதனால்தான். அன்றைய கணக்கில் 1672, நம் கணக்கில் 1673. இதை அறியாதவர், மே மாதத்தில் உயில் எழுதியவர் அதே ஆண்டு பிப்ரவரியில் இறந்ததாகக் கண்டு குழம்புவார். ‘முதல் மாதம்’ என்று எண்ணால் எழுதியிருந்தால் அது மார்ச். 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. தேதியை நம் முறைக்கு மாற்றி எழுதாமல், ஆவணத்தில் உள்ளபடியே படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

உறவுச் சொற்களிலும் கவனம் தேவை. அன்று மருமகன் என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை மனைவியின் முந்தைய திருமணத்து மகனுக்கும் பயன்படுத்தினார்கள். சகோதரர் என்பது மனைவியின் சகோதரரையோ தேவாலய உறுப்பினரையோ குறிக்கலாம். மூத்தவர், இளையவர் என்ற அடைமொழிகள் ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக்காட்டவே இடப்பட்டன. அவர்கள் பெரியப்பாவும் தம்பி மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் இளையவர் மூத்தவராகிவிடுவார்.

ஏழாம் படி: கடலுக்கு அப்பால்

இங்கிலாந்தில் பங்குப் பதிவேடுகள் 1538 முதல் உண்டு. அவற்றில் குடியேறியவரின் பெயரிலேயே ஒரு ஞானஸ்நானம் கண்டதும் பலர் அதைத் தம் ஆள் என்று எழுதிவிடுகிறார்கள். ஜான், வில்லியம், தாமஸ் என்று சில பெயர்களே சுழன்ற நாட்டில் இது பெரும்பிழை. அந்தக் குழந்தை அங்கேயே இறக்கவில்லை, அங்கேயே மணமுடித்துத் தங்கிவிடவில்லை என்று காட்டுவதோடு, இரு கரைகளையும் இணைக்கும் ஓர் ஆவணமும் வேண்டும். ஹவுலண்ட் சகோதரர்களுக்கு அது அவர்களின் மற்றொரு சகோதரர், லண்டன் துணி வணிகர் ஹம்ஃப்ரியின் 1646ஆம் ஆண்டு உயில். நியூ இங்கிலாந்தில் வரவேண்டிய கடனிலிருந்து ஆர்தர், ஜான், ஹென்றி மூவருக்கும் அவர் பணம் ஒதுக்கியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டே அவர்களின் பூர்வீகம் ஹண்டிங்டன்ஷயரின் ஃபென்ஸ்டான்டன் என்பது தெளிவானது. எலிசபெத் டில்லியின் ஞானஸ்நானம் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோவில் 1607 ஆகஸ்ட் 30இல் பதிவாகியுள்ளது. கேன்டர்பரி பேராய உயில் நீதிமன்றத்தின் 1858 வரையிலான உயில்கள் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடியேறியவரின் உயிலை விட, அங்கேயே தங்கிவிட்ட பிள்ளையில்லாத மாமன், அத்தை ஆகியோரின் உயில்களே அதிகம் பேசும்.

குடியேறிய குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது என்றும் கருத வேண்டாம். நியூ ஹேவன் குடியேற்றத்தோடு தொடர்புடைய குடும்பத்தில் 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல், குழந்தையாகவே இங்கிலாந்து திரும்பி, 1687இல் சென்னைக் கோட்டையின் ஆளுநரானார். அவருடைய திருமணப் பதிவைத் தேடுபவர் பாஸ்டனுக்கும் குடும்பத்தின் பூர்வீகமான வேல்சுக்கும் போய்ப் பயனில்லை. 1680இல் நடந்த அந்தத் திருமணம் புனித ஜார்ஜ் கோட்டையின் தூய மரியாள் ஆலயப் பதிவேட்டில் இருக்கிறது, சிறுவயதில் இறந்த மகன் டேவிட்டின் கல்லறையோ சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது.

எட்டாம் படி: டிஎன்ஏவும் இணையக் கொடிவழிகளும்

இருபாலருக்கும் பொதுவான டிஎன்ஏ சோதனை ஐந்தாறு தலைமுறை வரை நன்றாக உதவும். பத்தைக் கடந்தால் பல மூதாதையரின் கூறு ஒன்றுகூட நம் உடலில் மிஞ்சியிருக்காது. தந்தைவழி ஒய் குரோமோசோம் நெடுந்தூரம் மாறாமல் வரும். ஆனால் அதுவும் ஹவுலண்ட் சகோதரர் மூவருக்கும் ஒன்றேயாதலால், ஒருவர் ஜானின் வழியா ஹென்றியின் வழியா என்பதைத் தனியே அதனால் தீர்மானிக்க முடியாது. அங்கே பத்திரமும் உயிலும்தான் முடிவு சொல்லும்.

வம்சாவளி ஆவணங்களைத் தரும் ஃபேமிலிசர்ச் இணையதளம் இலவசம். அதில் மற்றவர்கள் ஏற்றிய கொடிவழிகளை விட, அட்டவணையிடப்படாத பத்திர, உயில் படிமங்களே மதிப்புடையவை. 2024 முதல் அவற்றில் பலவற்றின் கையெழுத்தைக் கணினியே படித்துச் சொல்லுக்குச் சொல் தேடித்தருகிறது. சாட்சியாகவும் அண்டை நிலத்தவராகவும் மட்டுமே தோன்றும் ஒருவரைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம். இரண்டிலும் உள்ள கொடிவழிகள் நூறு பேர் ஒரே தவற்றைப் படியெடுத்தவையாக இருக்கக்கூடும். பழைய அச்சு நூல்களும் விதிவிலக்கல்ல: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஸ்டாவ் அஞ்சூ என்பவர் செல்வந்தக் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு, இல்லாத உயில்களை மேற்கோள் காட்டிப் பிரபு வம்சங்களைப் புனைந்து கொடுத்தார். அவை இன்றும் இணையத்தில் உலவுகின்றன. குடும்பச் சின்னம் விற்பவர்களை நான் இந்தப் பட்டியலிலேயே சேர்ப்பேன்.

வழித்தோன்றல்கள் சங்கத்தில் சேர விரும்புகிறவர், அதே வழியில் முன்பு எவராவது சேர்ந்திருக்கிறாரா என்று சங்கத்திடம் முதலில் கேட்க வேண்டும். ஏற்கப்பட்ட பழைய விண்ணப்பம் இருந்தால் பல தலைமுறை வேலை மிச்சம். அப்படி இல்லையென்றால், 1780 முதல் 1850 வரை வரும் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு நேரடிச் சான்றிதழ் இல்லாத இடத்தில், பத்திரம், வரிப்பட்டியல், காப்பாளர் ஆணை ஆகியவற்றை வரிசைப்படுத்தி, அதே பெயருடைய மற்றவர்களை ஏன் விலக்கினோம் என்ற காரணத்தோடு, ஓரிரு பக்க விளக்கம் எழுதி ஒவ்வோர் ஆவணத்தின் படியையும் இணைத்து அனுப்ப வேண்டும். ஒரு கண்ணி மட்டும் நிறுவப்படாமல் நின்றால் அதை விண்ணப்பத்தில் ‘இருக்கலாம்’ என்றே குறித்து, அந்தத் தலைமுறையின் உடன்பிறந்தவர்களின் கோப்புகளில் தேடலைத் தொடரலாம். தம் ஆளின் சொந்த ஆவணங்களில் கிடைக்காத செய்தி அவருடைய அக்காள், தம்பியின் கோப்பில் இருக்கக்கூடும்.